கம்ப்யூட்டர்ல இருந்து ஃப்ரீ எஸ்எம்எஸ் மக்கர் பண்ணுதா? கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கிற வழி

கம்ப்யூட்டருக்குள்ள சிம் கார்டு கிடையாது. இத முதல்ல மனசுல ஏத்திக்கோங்க, பாதி குழப்பம் அங்கயே தீர்ந்துரும். கீபோர்டுல தட்டி என்டர அமுக்குனதும் கம்ப்யூட்டரே மெசேஜ் அனுப்புற மாதிரி நமக்கு தோணும், ஆனா எஸ்எம்எஸ்னு ஒண்ணு போகணும்னா பொதுவா அது ஏதோ ஒரு நம்பர்ல இருந்து தான் கிளம்பியாகணும், அந்த நம்பர் யாரோடதுங்கறது தான் கேள்வி. "மெசேஜ் போகமாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்"னு யாராவது லேப்டாப்ப தூக்கிட்டு வந்தா நான் கேக்குற முதல் கேள்வியே அதான். அது தெரியாம ரீஸ்டார்ட் பண்றது, அன்இன்ஸ்டால் பண்றதெல்லாம் இருட்டுல துழாவுற வேலை.

வழி மொத்தம் மூணு. ஒண்ணு, உங்க போன் தான் நிஜமா அனுப்புது, கம்ப்யூட்டர் அதுக்கு ஒரு பெரிய ஸ்க்ரீனும் கீபோர்டும் மட்டும் தான்: கூகுள் மெசேஜஸோட வெப் பக்கம், விண்டோஸ்ல வர்ற ஃபோன் லிங்க், ஐபோனும் மேக்கும் வெச்சிருக்கவங்களுக்கு மெசேஜ் ஃபார்வர்டிங், லினக்ஸ்காரங்களுக்கு கேடிஇ கனெக்ட், எல்லாம் இந்த ரகம். ரெண்டு, எஸ்எம்எஸ்ஸே இல்லாம நெட் வழியா போறது, வாட்ஸ்ஆப், டெலிகிராம், ஐமெசேஜ் மாதிரி, இதுல ரெண்டு பக்கமும் அதே ஆப் இருக்கணும். மூணு, "ஃப்ரீ எஸ்எம்எஸ்"னு போர்டு மாட்டியிருக்கிற வெப்சைட், இதுல அவங்களோட நம்பர்ல இருந்து போகும், உங்க நம்பர் அங்க வேலைக்கே வராது.

வேடிக்கை என்னன்னா உலகத்துலயே முதல் எஸ்எம்எஸ் கம்ப்யூட்டர்ல இருந்து தான் போச்சு. 1992 டிசம்பர் 3, நீல் பாப்வொர்த்ங்கற இஞ்சினியர் கம்ப்யூட்டர்ல "மெர்ரி கிறிஸ்மஸ்"னு தட்டி வோடஃபோன்ல இருந்த ரிச்சர்ட் ஜார்விஸோட போனுக்கு அனுப்புனாரு, அந்த போன்ல பதில் டைப் பண்ற வசதியே கிடையாது. அதனால "கம்ப்யூட்டர்ல போகுது, பதில் மட்டும் வரல"ங்கற புலம்பலுக்கும் வயசு முப்பதுக்கு மேல ஆச்சு.

சரி, உங்களுக்கு என்ன கோளாறோ அத தேடி கீழ போங்க.

"க்யூஆர் கோட் ஸ்கேனே ஆகமாட்டேங்குது"

போனயும் கம்ப்யூட்டரயும் இணைக்க ஸ்க்ரீன்ல வர்ற கோட் மேல, போன் கேமராவ சும்மா ஓபன் பண்ணி காட்டுறவங்க தான் அதிகம். அப்படி பண்ணா வேலைக்கு ஆகாது. கூகுள் மெசேஜஸ் ஆப்புக்குள்ள போய் உங்க ப்ரொஃபைல் படத்த தொட்டா "டிவைஸ் பேரிங்"னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள இருக்கிற ஸ்கேனர்ல தான் காட்டணும். வாட்ஸ்ஆப்ல "லிங்க்டு டிவைசஸ்"குள்ள. இன்னொண்ணு, கொஞ்ச நேரம் விட்டா அந்த கோட் காலாவதி ஆயிரும், டீ குடிச்சுட்டு வந்து ஸ்கேன் பண்ணாதீங்க, பக்கத்த ரிஃப்ரெஷ் பண்ணிட்டு உடனே காட்டுங்க. ப்ரவுசர்ல டார்க் மோட் எக்ஸ்டென்ஷன் போட்டு கலர எல்லாம் தலைகீழா மாத்தி வெச்சிருந்தாலும் கேமரா முழிக்கும்.

கூகுள் அக்கவுன்ட் வழியா சேர்க்கிற முறையில கோடே கிடையாது, கம்ப்யூட்டர்ல ஒரு எமோஜி காட்டும், போன்ல அதே எமோஜிய தொடணும். அது வராட்டி பெரும்பாலும் போன்ல ஒரு அக்கவுன்ட், ப்ரவுசர்ல வேற அக்கவுன்ட்னு இருக்கும். ஆபீஸ் மெயில் ஐடியில ப்ரவுசர் திறந்திருக்கும், அத கவனிக்காம அரை மணி நேரம் மல்லுக்கட்டுனவங்கள பாத்திருக்கேன்.

"நல்லா தான் இருந்துச்சு, கொஞ்ச நேரத்துல 'போன் கனெக்ட் ஆகல'ன்னு வந்துருது"

இது தான் ராஜா. வர்ற புகார்ல பாதிக்கு மேல இதான், அதனால கொஞ்சம் நின்னு பாக்கலாம்.

எனக்கே நடந்துச்சு. தினமும் காலையில நல்லா ஓடும், மத்தியானம் ஆனா அறுந்துரும். ரெண்டு நாள் ரௌட்டர திட்டிக்கிட்டு இருந்தேன், ப்ரவுசர மாத்தி பாத்தேன், கேபிள கூட புடுங்கி சொருகி பாத்தாச்சு. அப்பறம் ஒரு நாள் தற்செயலா போன சார்ஜர்ல சொருகி டேபிள் மேல வெச்சிருந்தேன், அன்னைக்கு முழுக்க ஒரு தடவ கூட அறுபடல. அப்ப தான் பொறி தட்டுச்சு, காலையிலயும் சார்ஜ்ல தானே போட்டிருப்பேன், மத்தியானம் எடுத்து பாக்கெட்ல போட்டுக்கறேன், அங்க தான் கோளாறு.

விஷயம் இது தான். ஆண்ட்ராய்டு 6ல இருந்து, அதாவது 2015ல இருந்து, டோஸ்னு ஒரு வசதி உள்ளயே இருக்கு. போன் சார்ஜ்ல இல்லாம, ஸ்க்ரீன் ஆஃப்ல, யாரும் தொடாம கொஞ்ச நேரம் கிடந்தா பின்னாடி ஓடுற ஆப்ப எல்லாம் தூங்க வெச்சுரும். அதுக்கு மேல சில போன் கம்பெனிங்க தங்களோட சொந்த பேட்டரி சேவர் ஒண்ண போட்டு இன்னும் கெடுபிடி பண்ணுவாங்க, பின்னாடி ஓடுற ஆப்ப சத்தமே இல்லாம கொன்னுருவாங்க. மெசேஜஸ் ஆப் செத்துப்போனா கம்ப்யூட்டர் யார்கிட்ட பேசும்?

செட்டிங்ஸ்ல ஆப்ஸ், அதுல மெசேஜஸ் (ஃபோன் லிங்க்னா "லிங்க் டு விண்டோஸ்"), அதுக்குள்ள பேட்டரின்னு இருக்கும், அத "அன்ரெஸ்ட்ரிக்டட்"னு மாத்துங்க. அதே ஆப்போட டேட்டா பக்கத்துல "பேக்ரௌண்ட் டேட்டா" ஆன்ல இருக்கணும், டேட்டா சேவர் போட்டிருந்தா அதுக்கு விதிவிலக்கும் குடுத்துருங்க. சில போன்ல "ஆட்டோஸ்டார்ட்"னு தனியா ஒண்ணு இருக்கும், அதையும் ஆன் பண்ணணும், இல்லன்னா போன் ரீஸ்டார்ட் ஆகுறப்ப எல்லாம் மறுபடி அறுபடும்.

சரி பண்ணியாச்சுன்னு எப்படி உறுதி பண்றது? போன சார்ஜர்ல இருந்து எடுத்துட்டு, ஸ்க்ரீன ஆஃப் பண்ணி, கவுத்து வெச்சுட்டு ஒரு மணி நேரம் தொடாதீங்க. அப்பறம் கம்ப்யூட்டர்ல இருந்து உங்க நம்பருக்கே ஒரு மெசேஜ் அனுப்புங்க. போச்சுன்னா முடிஞ்சுது. சார்ஜர்ல வெச்சுக்கிட்டே டெஸ்ட் பண்ணிட்டு "சரியாயிடுச்சு"ன்னு சொன்னா அது டெஸ்டே இல்ல.

இத்தனையும் பண்ணியும் அறுபடுதுன்னா வைஃபை பக்கம் பாருங்க. கூகுள் மெசேஜஸுக்கு போனும் கம்ப்யூட்டரும் ஒரே வைஃபைல இருக்கணும்னு அவசியம் இல்ல, ரெண்டுக்கும் நெட் இருந்தா போதும். விபிஎன் (நெட்ட வேற சர்வர் வழியா சுத்தி விடுற ஆப்) போட்டிருந்தா ஒரு தடவ நிறுத்திட்டு பாருங்க. கேடிஇ கனெக்ட் கதை வேற, சாதாரணமா அதுக்கு ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருக்கணும், 1714ல இருந்து 1764 வரைக்கும் இருக்கிற போர்ட்ட (டேட்டா வந்து போற வாசல்) கம்ப்யூட்டரோட ஃபயர்வால்ல டிசிபி, யுடிபி ரெண்டுக்கும் திறந்து விடணும். கெஸ்ட் வைஃபைல பல இடத்துல ஒரு டிவைஸ இன்னொரு டிவைஸ் பாக்க முடியாத மாதிரி பூட்டி வெச்சிருப்பாங்க, அங்க தலைகீழா நின்னாலும் கேடிஇ கனெக்ட் போன கண்டுபிடிக்காது.

"தினமும் காலையில போன புதுசா இணைக்க சொல்லுது"

ப்ரவுசர மூடுறப்ப குக்கீஸ அழிக்கிற செட்டிங் ஆன்ல இருக்கும், இல்ல இன்காக்னிட்டோல திறக்குறீங்க. இணைப்போட சாவி ப்ரவுசருக்குள்ள தான் இருக்கு, நீங்களே அத தினமும் குப்பைல போட்டா அது என்ன பண்ணும். அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் விதிவிலக்கு போட்டுட்டு, "இந்த கம்ப்யூட்டர ஞாபகம் வெச்சுக்கோ"ங்கறதயும் ஆன் பண்ணிருங்க. உங்க சொந்த கம்ப்யூட்டரா இருந்தா மட்டும்.

"செவப்பு மார்க், 'நாட் சென்ட்'னு வருது"

கம்ப்யூட்டர மறந்துருங்க. போன கையில எடுத்து அதே ஆளுக்கு அதே மெசேஜ போன்லயே டைப் பண்ணி அனுப்புங்க. அங்கயும் போகலன்னா கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல, சிம் பக்கம் தான் கோளாறு. இந்த ஒரு டெஸ்ட்ட பண்ணாம தான் ஜனங்க விண்டோஸயே ரீஇன்ஸ்டால் பண்ற அளவுக்கு போறாங்க.

சிம் பக்கம்னா என்னென்ன? பேக் தீர்ந்திருக்கலாம், பேலன்ஸ் இல்லாம இருக்கலாம், ரெண்டு சிம் போன்ல டீஃபால்ட் சிம் எதுன்னு மாறியிருக்கலாம், அதாவது பேக் இருக்கிற சிம் ஒண்ணு, மெசேஜ் கிளம்புற சிம் இன்னொண்ணு. ரொம்ப அபூர்வமா எஸ்எம்எஸ் சென்டர் நம்பர் அழிஞ்சுபோயிருக்கும். உங்க மெசேஜ் நேரா எதிராளி போனுக்கு போறதில்ல, நடுவுல எஸ்எம்எஸ் சென்டர்னு ஒண்ணு வாங்கி வெச்சுக்கிட்டு அப்பறம் தான் குடுக்கும், அந்த சென்டரோட நம்பர் சிம்முல பதிஞ்சிருக்கும், அது தப்பா இருந்தா போன்கால் எல்லாம் ஜோரா போகும், எஸ்எம்எஸ் மட்டும் ஒண்ணு கூட போகாது. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல டயலர்ல *#*#4636#*#* அடிச்சா வர்ற பக்கத்துல இத பாக்கலாம். பாக்க மட்டும் செய்யுங்க, சரியான நம்பர் எதுன்னு உங்க சிம் கம்பெனிகிட்ட கேட்டு தெரிஞ்சுக்காம அங்க எதையும் மாத்த வேணாம்.

போன்ல போகுது, கம்ப்யூட்டர்ல மட்டும் போகலன்னா, மேல இருக்கிற பேட்டரி கதைக்கு திரும்பி போங்க.

"ஃப்ரீன்னு சொன்னாங்க, ஆனா பேலன்ஸ் குறையுதே"

முதல் வழியில போனா அது உங்க சிம்முல இருந்து போற சாதாரண எஸ்எம்எஸ் தான், உங்க ப்ளான்ல என்ன கணக்கோ அதே கணக்கு. கம்ப்யூட்டர்ல தட்டுனதால அது இலவசம் ஆயிராது. ப்ளான்ல எஸ்எம்எஸ் சேர்ந்திருந்தா ஃப்ரீ, இல்லன்னா காசு, அவ்ளோ தான்.

ஆனா நம்ம ஆளுங்களுக்கு இதுல இன்னொரு ஓட்டை இருக்கு, தமிழ்ல அனுப்புறது. ஒரு எஸ்எம்எஸ்ல இருக்கிற இடம் 140 பைட், அதாவது 1120 பிட். இங்கிலீஷ் எழுத்துக்குன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல ஒண்ணுக்கு 7 பிட் போதும், அதனால 160 எழுத்து அடங்கும். தமிழ் அந்த பட்டியல்ல இல்லாததால யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்தும் இருக்கிற பெரிய பட்டியல்) மாறிரும், ஒண்ணுக்கு 16 பிட், மொத்தம் 70 தான் அடங்கும். அந்த 70ம் நம்ம கண்ணு எண்ணுற 70 கிடையாது. "நாளைக்கு காலைல வரேன்"னு ஒரு மெசேஜ எடுத்துக்கோங்க. நம்ம கணக்குல பத்து எழுத்து, நடுவுல ரெண்டு இடைவெளி, ஆக 12. மிஷின் கணக்குல 20. ஏன்னா "நா"ங்கறது அதுக்கு ந தனி, கால் தனி, "க்"குக்கு க தனி, புள்ளி தனி. "ஸ்ரீ"ன்னு ஒண்ணு போட்டீங்கன்னா அதுக்கே 4 போச்சு.

70ஐ தாண்டுனா மெசேஜ் உடையும். உடைஞ்சதுக்கப்பறம் ஒவ்வொரு துண்டுலயும் "நான் எத்தனாவது துண்டு"ன்னு குறிப்பு எழுத 6 பைட் போயிரும், அதனால துண்டுக்கு 67 தான், இங்கிலீஷ்னா 153. ஒரு நல்ல நீளமான தமிழ் மெசேஜ் நாலஞ்சு எஸ்எம்எஸ்ஸா கணக்குல ஏறும், ஸ்க்ரீன்ல பாத்தா ஒரே பலூன்ல அழகா உக்காந்திருக்கும், பில் மட்டும் தனித்தனியா. தமிழ இங்கிலீஷ் எழுத்துல "naalaikku"ங்கற மாதிரி தட்டுற பழக்கம் நமக்கு ஒட்டிக்கிட்டதுக்கு கீபோர்டு ஒரு காரணம்னா இந்த 160 கணக்கு இன்னொரு காரணம்னு நான் நினைக்கறேன்.

முழுக்க இங்கிலீஷ் எழுத்துல அடிச்சும் கணக்கு ஏறுதுன்னா கடைசில ஒரு எமோஜி போட்டிருப்பீங்க. ஒத்த எமோஜி போதும், மொத்த மெசேஜும் 70 கணக்குக்கு விழுந்துரும். வேர்ட்ல டைப் பண்ணி காப்பி பேஸ்ட் பண்ணாலும் இதே கதி தான், அங்க மேற்கோள் குறி தானா வளைஞ்ச குறியா மாறியிருக்கும், அந்த வளைஞ்ச குறி 7 பிட் பட்டியல்ல கிடையாது. நோட்பேட்ல டைப் பண்ணி பழகுங்க.

"தமிழ்ல அனுப்புனேன், அங்க கட்டம் கட்டமா தெரியுதாம்"

கட்டமா, கேள்விக்குறியா? இத எதிராளிகிட்ட சரியா கேட்டு வாங்குங்க, ரெண்டும் வேற வேற வியாதி.

கட்டம்னா எழுத்து பத்திரமா போய் சேர்ந்துருச்சு, அந்த போன்ல தமிழ் ஃபான்ட் இல்ல, அதனால காட்டத் தெரியல. பழைய பட்டன் போன்ல இது சகஜம். உங்க பக்கம் செய்யுறதுக்கு ஒண்ணும் இல்ல, அவங்களுக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்துல தட்டி அனுப்புங்க.

கேள்விக்குறி வரிசையா வந்தா எழுத்து வழியிலயே செத்துப்போச்சு. நடுவுல ஏதோ ஒண்ணு மெசேஜ யூனிகோடா அனுப்பாம 7 பிட்டுக்குள்ள திணிக்க பாத்திருக்கு, தெரியாத எழுத்துக்கு எல்லாம் கேள்விக்குறி போட்டு அனுப்பிருச்சு. ஃப்ரீ எஸ்எம்எஸ் வெப்சைட்ல இது அடிக்கடி நடக்கும். அங்க "யூனிகோட்"னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா அந்த சைட்ட விட்டுருங்க. கேள்விக்குறியா போன மெசேஜ எந்த ஃபான்ட் போட்டும் திருப்ப முடியாது.

"மெசேஜ் முன்னுக்கு பின்னா வருது, பாதி தான் வருது"

மேல சொன்ன துண்டு கதை தான். துண்டு எல்லாம் தனித்தனியா பயணம் பண்ணும், எல்லாம் வந்து சேர்ந்தா தான் போன் ஒட்டி காட்டும், ஒண்ணு வழியில மாட்டிக்கிட்டா சில போன் காத்திருக்கும், சிலது வந்தத வந்தபடி காட்டிரும். சின்ன சின்னதா நீங்களே பிரிச்சு அனுப்பிருங்க.

"போன்ல பதில் வந்துருச்சு, கம்ப்யூட்டர்ல மட்டும் காணோம்"

மெசேஜ் நிஜமாவே வரலையா, இல்ல வந்துருச்சு சத்தம் மட்டும் வரலையா? பக்கத்த திறந்து பாத்தா உள்ள இருக்குன்னா அது நோட்டிபிகேஷன் பிரச்சினை. ப்ரவுசர்ல அந்த சைட்டுக்கு நோட்டிபிகேஷன் அனுமதி குடுங்க, விண்டோஸ்ல "டு நாட் டிஸ்டர்ப்" ஆன்ல இருக்கான்னு பாருங்க, ப்ரொஜெக்டர்லயோ டிவிலயோ அதே ஸ்க்ரீன காட்டுறப்ப அது தானா ஆன் ஆகலாம்.

உள்ளயும் இல்லன்னா, போன்ல டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப் எதுன்னு பாருங்க. போன் கம்பெனி குடுத்த ஒரு மெசேஜ் ஆப் டீஃபால்ட்டா இருக்கும், நீங்க கூகுள் மெசேஜஸ கம்ப்யூட்டரோட சேர்த்து வெச்சிருப்பீங்க. கூகுள் மெசேஜஸயே டீஃபால்ட்டா மாத்திருங்க.

ஃபோன் லிங்க்ல இன்னொரு சிக்கல். எதிராளியும் நீங்களும் ஆர்சிஎஸ் (மெசேஜஸ் ஆப்புக்குள்ளயே நெட் வழியா சாட் பண்ற வசதி) வெச்சிருந்தா உங்க பேச்சு எஸ்எம்எஸ்ஸாவே இருக்காது, சத்தமில்லாம நெட் வழிக்கு மாறியிருக்கும், ஃபோன் லிங்க் எல்லா போன்லயும் அத படிக்காது. சில ஆளுங்களோட மெசேஜ் மட்டும் வரும், சில ஆளுங்களோடது வராதுன்னா இத சந்தேகப்படுங்க. ஆர்சிஎஸ்ஸ போன்ல நிறுத்தி பாத்தா தெரிஞ்சுரும், இல்ல பேசாம கூகுள் மெசேஜஸோட வெப் பக்கத்துக்கே போயிருங்க, அதுல இந்த தொல்லை இல்ல. என் கட்சி அது தான், ஆண்ட்ராய்டு போன்னா அதயே வெச்சுக்கோங்க.

ஐபோன ஃபோன் லிங்க்கோட சேர்த்திருந்தா அது ப்ளூடூத் வழியா ஓடுது. ஐபோன்ல ப்ளூடூத் செட்டிங்ஸ்ல உங்க கம்ப்யூட்டர் பேருக்கு பக்கத்துல இருக்கிற "i" பட்டன தொட்டு, "ஷோ நோட்டிபிகேஷன்ஸ்", "சிங்க் கான்டாக்ட்ஸ்" ரெண்டயும் ஆன் பண்ணணும், இத விட்டுட்டா போன் இணைஞ்சிருக்கும், மெசேஜ் மட்டும் ஒண்ணும் வராது. அப்பவும் குரூப் மெசேஜ், போட்டோ எல்லாம் அதுல எதிர்பாக்காதீங்க. அது கோளாறு இல்ல, அதோட உயரமே அவ்ளோ தான்.

"மேக்ல நீல மெசேஜ் வருது, பச்சை மெசேஜ் வரல"

நீலம் ஐமெசேஜ், ஆப்பிள் அக்கவுன்ட் வழியா வர்றது, அதுக்கு சிம்மே வேணாம். பச்சை எஸ்எம்எஸ், அது ஐபோனுக்கு தான் வரும், ஐபோன் மனசு வெச்சு மேக்குக்கு தள்ளணும். ஐபோன் செட்டிங்ஸ்ல மெசேஜஸ் பக்கத்துக்கு போய் "டெக்ஸ்ட் மெசேஜ் ஃபார்வர்டிங்"ல உங்க மேக்க ஆன் பண்ணுங்க (புது ஐஓஎஸ்ல "ஆப்ஸ்"னு ஒண்ணுக்குள்ள போய் அப்பறம் மெசேஜஸ்). அந்த லிஸ்ட்ல மேக் பேரே இல்லன்னா பெரும்பாலும் ரெண்டும் ஒரே ஆப்பிள் அக்கவுன்ட்ல இல்லன்னு அர்த்தம். இது 2014ல மேக்குக்கு யோசெமிட்டிங்கற வெர்ஷனும் ஐபோனுக்கு ஐஓஎஸ் 8.1ம் வந்தப்பவே வந்த வசதி, அதனால மேக் பழசுன்னு சாக்கு சொல்ல முடியாது.

"வாட்ஸ்ஆப் வெப் தானா லாக்அவுட் ஆயிருச்சு"

இப்ப போன் ஆஃப்ல இருந்தாலும் கம்ப்யூட்டர்ல வாட்ஸ்ஆப் ஓடும், ஆனா 14 நாளைக்கு மேல போன்ல வாட்ஸ்ஆப்ப திறக்கவே இல்லன்னா சேர்த்து வெச்ச கம்ப்யூட்டர எல்லாம் கழட்டி விட்டுரும். ஒத்த டிக்லயே நிக்குதுன்னா எதிராளி போன் ஆஃப்லயோ நெட் இல்லாமலோ இருக்கு, இல்ல உங்கள பிளாக் பண்ணியிருக்காங்க. அதுக்கு என்கிட்ட வழிமுறை இல்ல.

"வருஷக்கணக்கா யூஸ் பண்ண ஆப் திடீர்னு மெசேஜ் படிக்க மாட்டேங்குது"

போன் மெசேஜ கம்ப்யூட்டருக்கு கொண்டு வர்ற குட்டி குட்டி ஆப் முன்னாடி நிறைய இருந்துச்சு. 2018 கடைசில கூகுள் ஒரு விதி கொண்டு வந்துச்சு, டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப்பும் ரொம்ப சில விதிவிலக்கும் தவிர வேற யாரும் மெசேஜ தொடக்கூடாதுன்னு, அதுல பல ஆப் அடிபட்டு போச்சு. ஏபிகே ஃபைல (ஆப்ப இன்ஸ்டால் பண்ற ஃபைல்) ப்ளே ஸ்டோருக்கு வெளில இருந்து எடுத்து போட்டாலும் புது ஆண்ட்ராய்டுல எஸ்எம்எஸ் அனுமதி குடுக்க போனா "ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்"னு தடுக்கும். அந்த தடைய தாண்டுற வழி தேடாதீங்க, உங்க ஓடிபி எல்லாம் படிக்கிற அனுமதி அது.

ஈமெயில்ல இருந்து போன் நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்புற பழைய வித்தையும் இப்படி தான். அமெரிக்காவுல ஏடி அண்ட் டி கம்பெனி 2025 ஜூன் 17ல அத நிறுத்திருச்சு, அந்த நாட்டு நம்பருக்கு மெயில் அனுப்பி "ஏன் போகல"ன்னு மண்டைய பிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா காரணம் அதுவா இருக்கும்.

"ஃப்ரீ வெப்சைட்ல 'சென்ட்'னு காட்டுது, அங்க போகவே இல்ல"

"சென்ட்"னா எங்க கையில இருந்து கிளம்பிருச்சுன்னு மட்டும் தான் அர்த்தம், "டெலிவர்ட்"னா தான் போன் வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம், ஓசி சைட்ல ரெண்டாவது பெரும்பாலும் இருக்கவே இருக்காது. நாட்டு கோட் போட்டீங்களா, முன்னாடி இருக்கிற பூஜ்யத்த எடுத்தீங்களான்னு பாருங்க. சரியா போட்டும் போகலன்னா அந்த சைட்டோட நம்பர எதிராளியோட சிம் கம்பெனி ஸ்பேம்னு வடிகட்டியிருக்கும், ஆயிரம் பேர் ஒரே நம்பர்ல இருந்து கண்டதையும் அனுப்புனா வேற என்ன நடக்கும்.

காலேஜ் படிக்கிறப்ப நானும் இத பண்ணியிருக்கேன். ஃப்ரெண்டுக்கு "சாயங்காலம் ரூமுக்கு வா"ன்னு அனுப்புனேன், அவனுக்கு ஏதோ தெரியாத நம்பர்ல இருந்து, பின்னாடி ஒரு லோன் விளம்பரத்தோட போயிருக்கு. "யாருடா நீ, எந்த ரூமு"ன்னு பதில் அனுப்பியிருக்கான், அந்த பதில் எனக்கு வரவே இல்ல, வரவும் வராது, அது என் நம்பர் இல்லையே. மெசேஜ்ல உங்க பேர எழுதுங்க, பதிலுக்கு எந்த நம்பர்னும் எழுதுங்க. அந்த சைட் உங்க மெயில் பாஸ்வேர்டோ கான்டாக்ட் லிஸ்ட்டோ கேட்டா டேப்ப மூடிருங்க, அதுக்கு மேல ட்ரபுள்ஷூட் பண்ண ஒண்ணும் இல்ல.

"ஆன்லைன்ல ஒரு ஃப்ரீ நம்பர் எடுத்தேன், ஓடிபி வரமாட்டேங்குது"

வராது. அந்த நம்பர ஏற்கனவே ஏகப்பட்ட பேர் யூஸ் பண்ணியிருப்பாங்க, பேங்கும் ஆப்பும் அந்த மாதிரி இன்டர்நெட் நம்பர பாத்தாலே கதவ சாத்திரும். வந்தா தான் இன்னும் ஆபத்து, ஏன்னா அந்த பக்கத்த திறக்குற எல்லாருக்கும் உங்க ஓடிபி தெரியும், அத வெச்சு தொடங்குன அக்கவுன்ட்ட நாளைக்கு வேற ஒருத்தன் பாஸ்வேர்ட் மாத்தி எடுத்துக்கலாம்.

நம்பருக்கு பதிலா எழுத்துல பேர் போட்டு வர்ற மெசேஜுக்கு பதில் போகலன்னு கேக்குறாங்க. அதுக்கு பின்னாடி நம்பரே இல்ல, 11 எழுத்துக்குள்ள ஒரு பேர ஒட்டி அனுப்புறது தான், திருப்பி அனுப்ப வழி கிடையாது.

"நான் ஒரு இடத்துல தான் திறந்தேன், 'வேற இடத்துல ஓபன்ல இருக்கு'ன்னு சொல்லுது"

இத லேசா விடாதீங்க. கூகுள் மெசேஜஸ் வெப் ஒரு நேரத்துல ஒரு இடத்துல தான் ஓடும், இன்னொரு இடத்துல திறந்தா முதல் இடத்துல "இங்க யூஸ் பண்ணவா"ன்னு கேக்கும். உங்களோடயே இன்னொரு டேப் திறந்து கிடக்கலாம், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல விட்டுட்டு வந்திருக்கலாம், பெரும்பாலும் அப்படி தான் இருக்கும். ஆனா படிக்காத மெசேஜ் படிச்ச மாதிரி காட்டுறதும் கூட சேர்ந்துச்சுன்னா, போன்ல டிவைஸ் பேரிங் லிஸ்ட்ட திறந்து ஒவ்வொண்ணா பாருங்க, அடையாளம் தெரியாதத எல்லாம் அன்பேர் பண்ணுங்க. சந்தேகம் வந்தா மொத்தத்தயும் அன்பேர் பண்ணிட்டு புதுசா சேர்த்துக்கோங்க, ரெண்டு நிமிஷ வேலை. வாட்ஸ்ஆப்லயும் லிங்க்டு டிவைசஸ அதே கையோட பாத்துருங்க.

எனக்கு ரெண்டு மாசமா இது வந்துக்கிட்டு இருந்துச்சு, ஏதோ பக்னு நினைச்சு ஒவ்வொரு தடவயும் "இங்க"ன்னு அமுக்கிட்டு போயிருவேன். ஒரு நாள் லிஸ்ட்ட திறந்தா என்னோட பழைய லேப்டாப் அதுல உக்காந்திருக்கு, அத நான் ஃபார்மேட் பண்ணாம மாமா பையனுக்கு குடுத்திருந்தேன். போன் போட்டு கேட்டேன். "ஆமாண்ணே, உங்க பேங்க் மெசேஜ் எல்லாம் மூலைல வந்து வந்து போகும், நான் க்ளோஸ் பண்ணிருவேன்"ங்கறான்.